நான்கு மணி நேரப் பயிற்சி எதை நிரூபித்தது? பாலோவின் புதிய ஓட்டுநர்களை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

உரிமம் பெற்ற பிறகு இளம் ஓட்டுநருக்குத் தரும் பயிற்சி விபத்தைக் குறைக்காது என்ற கருத்து, சாலைப் பாதுகாப்புத் துறையில் ஏறக்குறைய முடிந்துபோன வழக்காகவே கருதப்படுகிறது. மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை அதற்குத் தூணாக நிறுத்தப்படுவது, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2016இல் வெளியான ஒரு சமவாய்ப்புச் சோதனை. அது நேர்மையாகத் திட்டமிடப்பட்ட ஆய்வு. அதன் எண்களில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த எண்களின் பெயரால் எடுக்கப்படும் முடிவு அவற்றுக்குள் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாதத்துக்குக் களமாக ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள பாலோவை எடுத்துக்கொள்கிறேன். இரயில் பாதையை ஒட்டிய சிற்றூர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து குளுவாங்குக்கும் யோங் பெங்குக்கும் வேலைக்கோ படிப்புக்கோ போகும் இளைஞருக்குக் கைக்கு எட்டும் வாகனம் ‘கப்சாய்’ எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்தான். அவர் ஓட்டும் நாட்டுப்புறச் சாலையில் நடுப்பிரிப்பு கிடையாது. நெடுந்தூரத்துக்கு விளக்கும் இருக்காது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி முன்னே ஊர்ந்து போகும். பின்னால் வரும் கார் முந்தப் பார்க்கும். சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் ஓரத்துப் பள்ளம் எது, தார் எது என்று தெரியாது. இந்தச் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போதுதான் விக்டோரியாவின் எண்கள் எதுவரை பேசுகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பது புலப்படும்.

மலேசியச் சட்டப்படி 16 வயதில் 250 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கும் 17 வயதில் காருக்கும் உரிமம் பெறலாம். தேர்வில் தேறியவர் இரண்டு ஆண்டுகள் ‘பி’ உரிமத்தில் ஓட்ட வேண்டும். அந்தக் காலத்துக்குள் கெஜாரா முறையில் 10 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். சேராவிட்டால் இரண்டாண்டு முடிவில் கட்டணம் கட்டி முழு உரிமத்துக்கு மாறிக்கொள்ளலாம். மறுதேர்வும் கிடையாது, இடைக்காலச் சந்திப்பும் கிடையாது. தவறு செய்தவரைத் தண்டிக்க இந்த இரண்டாண்டுக்குள் ஒரு கருவி இருக்கிறது. தவறு செய்யாதிருக்கக் கற்றுத்தர எதுவும் இல்லை. 2019இல் இந்நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் இறந்தனர். ஒவ்வோர் ஆண்டும் இறப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். இந்த நிலையில் இரண்டாண்டை வெற்றாக விட்டுவைப்பதற்கு நல்ல காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் விக்டோரிய ஆய்வு தருவதாகச் சொல்லப்படுகிறது.

பயிற்சி மீதான அவநம்பிக்கைக்கு நம் நாட்டிலேயே ஒரு பின்னணியும் உண்டு. 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி வந்தது. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த ஆய்வு, கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் போடப்பட்ட தனித்தடமும் பலன் தந்தது. விளக்கும் தடமும் இவ்வளவு செய்யும்போது மனிதரைத் திருத்த முயல்வானேன் என்ற மனப்போக்கு அங்கிருந்து வளர்ந்தது. அந்தச் சாதனைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பாலோ சாலையில் தனித்தடம் இல்லை. கண்ணுக்கெட்டிய எதிர்காலத்தில் வரப்போவதாகவும் தெரியவில்லை.

இனி ஆய்வுக்கு வருவோம். ரெபெக்கா ஐவர்ஸ் தலைமையிலான குழு 2010 மே முதல் 2012 அக்டோபர் வரை, புதிதாக உரிமம் பெற்ற 2,399 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளைச் சேர்த்தது. தொலைபேசி நேர்காணலுக்குப் பிறகு அவர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு உண்மைச் சாலையில் பயிற்சி தர முன்வந்தனர்: சில முன்தயாரிப்புகள், பிறகு சிறு குழுவாகப் பயிற்றுநரோடு நான்கு மணி நேர ஓட்டமும் கலந்துரையாடலும். மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் இரு குழுவினரையும் மீண்டும் விசாரித்தார்கள். ஓட்டுநர் சொன்ன விபத்துகளையும் காவல்துறைப் பதிவில் இருந்தவற்றையும் சேர்த்தே எண்ணினார்கள். இறுதிவரை 88 விழுக்காட்டினர் தொடர்பில் இருந்தனர். இத்தகைய ஆய்வில் இது அரிய சாதனை.

மூன்றாம் மாதத்தில், பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டோருக்கும் மற்றோருக்கும் இடையிலான விபத்து வாய்ப்பு விகிதம் 0.90, அதன் நம்பக இடைவெளி 0.65 முதல் 1.27 வரை. பன்னிரண்டாம் மாதத்தில் விகிதம் 1.00, இடைவெளி 0.78 முதல் 1.29 வரை. விபத்து குறையவில்லை. அதைவிட உறுத்தும் செய்தி அடுத்தது: பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டோர் அதிகம் ஓட்டினார்கள், வேகம் கூடியதாகச் சொன்னார்கள், தங்கள் திறமை மீது அவர்களுக்கு நம்பிக்கையும் கூடியிருந்தது.

பயிற்சியின் ஆதரவாளர் இந்த இடத்தில் பிடித்துக்கொள்ளத் துடிக்கும் இரண்டு கிளைகள் உண்டு. பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டோரில் 60 விழுக்காட்டினர் மட்டுமே அதை முடித்தனர் என்பது ஒன்று. பகுப்பாய்வு ஒதுக்கீட்டின்படி நடந்ததால், பயிற்சிக்கு வராதவரும் பயிற்சிக் குழுவிலேயே எண்ணப்பட்டார்கள். முடித்தவர்களிடம் உண்மையாகவே 20 விழுக்காடு பலன் இருந்திருந்தால்கூட, இந்தக் கணக்கில் அது 12 விழுக்காடாகத்தான் தெரியும், 0.78 முதல் 1.29 வரை அகன்ற இடைவெளிக்குள் அது ஓசையின்றி அடங்கிவிடும். கணக்கு சரிதான். ஆயினும் இதை என் வாதத்துக்கு ஊன்றுகோலாக்க மாட்டேன். மையப்புள்ளி 1.00இல் நிற்கும்போது இடைவெளியின் ஓரத்தில் நின்று நம்பிக்கை வளர்ப்பது ஆய்வுமுறை ஆகாது. முடித்தவரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தாலோ, தானே முன்வந்து பயிற்சி முடிப்பவர் இயல்பிலேயே கவனமானவராக இருக்கலாம் என்ற பழைய சிக்கல் திரும்பி வரும்.

அதிக ஓட்டம் இரண்டாவது கிளை. ஓட்டிய தூரம் கூடியும் விபத்து கூடவில்லை என்றால், கிலோமீட்டருக்கான ஆபத்து குறைந்தது என்றுதானே பொருள்? கணக்காளருக்கு இது போதும். மகன் வீடு திரும்புவதற்காகக் காத்திருக்கும் தாய்க்குப் போதாது. பயிற்சியே ஒருவரைக் கூடுதலாகச் சாலைக்கு அனுப்பியிருந்தால், அந்தக் கூடுதல் ஓட்டத்தின் ஆபத்தையும் பயிற்சியின் கணக்கிலேயே எழுத வேண்டும்.

ஆனால் இதே இடத்தில்தான் பாலோவும் விக்டோரியாவும் பிரிகின்றன. ஆய்வின் வழக்கமான வாசிப்பு இதைக் கவனிக்கவே இல்லை. விக்டோரியாவில் 18 வயதுக்கு முன் மோட்டார் சைக்கிள் பழகு உரிமமே கிடையாது. அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் விருப்பத்துக்கும் பொழுதுபோக்குக்கும் பெரும் பங்குண்டு. நம்பிக்கை கூடியவர் வார இறுதியில் இன்னும் சற்றுத் தொலைவு போய்வருவார். பாலோ இளைஞர் எவ்வளவு ஓட்டுகிறார் என்பதை அவருடைய நம்பிக்கை முடிவு செய்வதில்லை. தொழிற்சாலையின் ஷிப்ட் நேரமும் பேருந்து இல்லாமையும் முடிவு செய்கின்றன. பயிற்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் நாளை காலை அதே சாலையில் அதே தூரம் போகத்தான் வேண்டும். எனவே விக்டோரியாவில் தீய விளைவு புகுந்த வாசல்களில் ஒன்று இங்கே பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. ‘பெரும்பாலும்’ என்று சொல்வது, இது இன்னும் அளக்கப்படவில்லை என்பதால்.

வேகத்தையும் நம்பிக்கையையும் இப்படிக் கடந்துபோக முடியாது. பயிற்சி பெற்றவர் தம் வேகத்தைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியதால்தான் அதிகமாக ஒப்புக்கொண்டார், உண்மையில் வேகம் கூடவில்லை என்று ஒரு விளக்கம் கூறலாம். அது என்னை ஈர்க்கிறது, ஆனால் இணங்கவைக்கவில்லை. நம்பிக்கையும் சேர்ந்து உயர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் நகரும்போது எளிய விளக்கத்தையே ஏற்க வேண்டும். அந்த நான்கு மணி நேரம் அவர்களைத் துணிச்சல்காரர்களாக்கியது.

இது புதிய செய்தியும் அன்று. நார்வே 1979இல் புதிய ஓட்டுநர்களுக்கு இரண்டாம் கட்டப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பாடமும் அதில் அடங்கும். பின்னர் நடந்த மதிப்பீட்டில், அந்தப் பாடம் படித்த இளம் ஆண்களின் விபத்துகள் கூடியிருந்தன. காரணத்தை ஒரு சிறு சோதனையில் பிரித்துக் காட்டியவர் ஸ்வீடனின் நில்ஸ் பெட்டர் கிரெகர்சன். 1996இல் வெளியான அந்தச் சோதனையில் ஒரு குழுவுக்கு வழுக்குப் பரப்பில் பிரேக் பிடித்து விலகும் திறன் கற்பிக்கப்பட்டது. மற்றொரு குழுவுக்கு, அந்தத் திறன் எவ்வளவு எளிதில் கைவிட்டுவிடும் என்பது அனுபவத்தால் காட்டப்பட்டது. பின்னர் அளந்தபோது உண்மைத் திறனில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தம் திறனை மிகையாக மதிப்பிட்டவர்கள் முதல் குழுவினர்தாம்.

கிரெகர்சனின் முடிவை வைத்துக்கொண்டு விக்டோரியாவுக்குத் திரும்பினால் எண்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. ஒரே ஒரு முறை, சில மணி நேரம், திறமையான பயிற்றுநரின் பின்னால் தன் வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வீடு திரும்பும் புதியவர் எதைக் கற்றுக்கொண்டு போகிறார்? தனக்கு ஓட்டத் தெரியும் என்பதை. அதன் பிறகு அவர் சாலையில் தனியாகச் செய்யும் பிழையை எடுத்துச்சொல்ல யாரும் வருவதில்லை. மூன்றாம் மாதம் தொலைபேசியில் அழைத்தவர் ஆய்வாளர், பயிற்றுநர் அல்லர். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நிறுத்திவிட்ட மருந்தைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. அந்த அளவில், அந்த இடைவெளியில் அது பலன் தரவில்லை என்றுதான் சொல்ல முடியும். விக்டோரிய ஆய்வு நிரூபித்ததும் அவ்வளவே. ஒற்றை அமர்வுப் பயிற்சியை இனி எவரும் இளைஞருக்குத் தரக்கூடாது என்ற கடுமையான முடிவை அதிலிருந்து எடுக்கலாம், நான் எடுக்கிறேன். உரிமத்துக்குப் பின் எந்த உதவியும் பலிக்காது என்ற முடிவை எடுக்க அதில் இடமில்லை.

தொகுப்பாய்வுகளும் அந்த முடிவைத் தாங்கவில்லை. 2003இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, உரிமம் பெற்றோருக்கான பயிற்சியால் விபத்து குறைந்ததற்குச் சான்றில்லை என்றது. ஆனால் அதில் எண்ணப்பட்ட சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில், ஏற்கனவே விதிமீறிய எல்லா வயது ஓட்டுநர்களுக்கும் தரப்பட்ட திருத்தப் பயிற்சிகள். புதிதாகத் தேறிய 17 வயதுக்காரரைப் பற்றி அவை பேசவில்லை. மோட்டார் சைக்கிள் பயிற்சி குறித்து 2010இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 23 ஆய்வுகளைப் பரிசீலித்து, அவற்றின் முறையியல் குறைகளால் எந்த முடிவுக்கும் வர இயலவில்லை என்றது. ‘முடிவுக்கு வர இயலவில்லை’ என்பது மேற்கோள்களில் கைமாறிக் கைமாறி ‘பலனில்லை’ என்று ஆகிவிட்டது. அறிஞர்கள் இப்படிச் செய்வது வருத்தத்துக்குரியது.

எதிர்த்திசையில் இரண்டு சான்றுகள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் புதிய கார் ஓட்டுநர்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, உரிமம் பெற்ற முதல் ஏழு மாதங்களில் விபத்து வீதம் 41 விழுக்காடு சரிந்ததைக் காட்டியது. வயது அவ்வளவு விரைவாக ஏறுவதில்லை, குறைத்தது அனுபவம்தான். அதாவது ஆபத்து தேர்வில் தேறிய மறுநாளிலிருந்து முதல் சில மாதங்களில் குவிந்திருக்கிறது. நம் ‘பி’ காலமோ முதல் மாதத்தையும் இருபத்து நான்காம் மாதத்தையும் ஒன்றாகவே நடத்துகிறது. இரண்டாவது சான்று ஸ்வீடன் 1993இல் செய்த மாற்றம். உரிமம் பெறும் வயதை 18இலேயே வைத்துக்கொண்டு, பெரியவர் துணையோடு பழகத் தொடங்கும் வயதை அந்நாடு 16ஆகக் குறைத்தது. வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக 118 மணி நேரம் ஓட்டிப் பழகினார்கள். பழைய முறையில் பழகியவர்கள் ஐம்பது மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. உரிமத்துக்குப் பின் முதல் குழுவின் விபத்து ஆபத்து சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. வாய்ப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் வசதியிலும் அக்கறையிலும் மாறுபட்டவை என்பதால் இதில் ஒரு பகுதியைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இது உரிமத்துக்கு முந்தைய காலத்துச் சான்று என்பதும் உண்மை. இருந்தும் 4 மணி நேரத்துக்கும் 118 மணி நேரத்துக்கும் உள்ள தூரத்தை எந்தக் கழித்தலும் மறைத்துவிடாது.

பயிற்சியை மாதங்களுக்குப் பரப்பி வைப்பது நடைமுறையில் முடியுமா என்று கேட்போர் ஆஸ்திரியாவைப் பார்க்கலாம். 2003 ஜனவரி முதல் அங்கே தேர்வில் தேறியவரின் கற்றல் அதோடு முடிவதில்லை. கார் ஓட்டுநர் முதல் சில மாதங்களுக்குள் பயிற்றுநரோடு ஒரு மதிப்பீட்டு ஓட்டம் போக வேண்டும். அடுத்து ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சியும் உளவியலாளரோடு குழு உரையாடலும் உண்டு. ஓராண்டுக்குள் மீண்டும் ஒரு மதிப்பீட்டு ஓட்டம். மோட்டார் சைக்கிளுக்கும் இதே வகையில் கட்டங்கள் இருக்கின்றன. அந்த ஏற்பாட்டின் உயிர் மீண்டும் சந்திப்பதில் இருக்கிறது. முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே ஓட்டுநர் தாமே சந்தித்த திடுக்கிடல்கள் பாடப்பொருளாகின்றன.

பாலோவில் இந்தச் சந்திப்பு என்ன பேச வேண்டும் என்பதுதான் முக்கியம். தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் உரிமத்துக்கு நெடுநாள் முன்பே லயத்துச் செம்மண் பாதையில் கப்சாய் ஓட்டப் பழகியவர்கள். தேர்வு மைதானத்தில் குறுகிய பலகை மீது ஓட்டுவதும் கூம்புகளுக்கிடையே வளைந்து போவதும் அவர்களுக்குக் கைவந்த கலை. சமநிலையும் கியரும் அவர்களிடம் குறைவில்லை. தன்னம்பிக்கை தேவைக்கு மேலேயே இருக்கிறது. செம்மண் பாதை கற்றுத்தராதவை வேறு. முன்னே போகும் லோரியின் ஓட்டுநருக்கு எங்கே நின்றால் நம்மைத் தெரியாது, எதிரே வரும் ஒற்றை விளக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் திரும்பும்போது கண் செருகுவதை எந்தக் கட்டத்தில் ஒப்புக்கொண்டு ஓரங்கட்ட வேண்டும், பின்னால் நண்பன் உட்கார்ந்தால் பிரேக் தூரம் எவ்வளவு நீளும் என்பவை. ஏற்கனவே துணிச்சல் மிகுந்த இவர்களுக்கு விக்டோரியா பாணி ஒற்றை அமர்வைக் கொடுத்தால் தீமை இன்னும் கூடலாம் என்றுகூட அஞ்சுகிறேன்.

சில மறுப்புகளுக்குச் சுருக்கமாக விடை கூறலாம். காரில் பக்கத்து இருக்கை உண்டு, மோட்டார் சைக்கிளில் உடனிருப்பவர் எங்கே உட்காருவார் என்பார்கள். அவர் தம் வண்டியில் பின்தொடர்வார், நிறுத்திப் பேசுவார், விக்டோரியாவிலேயே ஓட்டம் அப்படித்தான் நடந்தது. இரவு ஓட்டத்தையும் பின்னிருக்கைப் பயணத்தையும் தடைசெய்தால் போதும் என்போர், பேருந்து இல்லாத ஊரில் இரவு ஷிப்டுக்குப் போகும் 18 வயதுக்காரருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். உரிமமே ‘கோப்பி ஓ’ கொடுத்து வாங்கப்படும் நாட்டில் பயிற்சியால் என்ன ஆகும் என்ற அலுப்பு ஊழல் தடுப்பு ஆணையத்தின் வேலையைச் சேர்ந்தது. பாடத்திட்டம் பற்றிய கேள்விக்கு அது விடையாகாது. செலவு? ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழக்கும் நாடு கேட்க வேண்டிய முதற்கேள்வி அது அன்று.

தேவைப்படுவது ஒரு சோதனை. பாலோ, சாஆ, பெக்கோக், யோங் பெங் வட்டாரத்தில் புதிதாக ‘பி’ உரிமம் பெறுவோரைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாக்கலாம். ஒரு குழு மூன்று நான்கு பேர் கொண்ட அணிகளாக முதல் மாதமும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பயிற்றுநரைச் சந்திக்கட்டும். அவற்றில் ஒரு சந்திப்பாவது இரவில், அவர்கள் வேலைக்குப் போகும் அதே சாலையில் நடக்கட்டும். திறன் வித்தைகள் வேண்டாம். இடைப்பட்ட மாதங்களில் நெஞ்சு பதறிய தருணங்களைத் தோட்டத்தில் பேசும் மொழியிலேயே பேசவிட வேண்டும். அந்த அணிகளை அமைக்க வட்டாரப் பயிற்சி நிறுவனங்களும் தோட்டத்து இளைஞர் மன்றங்களும் போதும். விபத்தைக் காவல்துறைப் பதிவோடு சேர்த்து எண்ண வேண்டும். வேகத்தையும் நம்பிக்கையையும் விக்டோரியா அளந்தது போலவே அளக்க வேண்டும். நம்பிக்கை ஏறுவது தெரிந்தால் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டுத் திருத்த வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இரண்டாண்டு ‘பி’ காலம் ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகா இசைந்தால் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மைரோஸ் இதை நடத்த முடியும். 2007 முதல் இயங்கிவரும் அந்தக் கழகம் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். முடிவு என் வாதத்துக்கு எதிராக வந்தாலும் அதை முழுமையாக வெளியிட வேண்டும்.